கிராமை ஆழாக்காக்குவது எப்படி: முந்திரி, பாதாம், கடலைக்கு முழுமையான அளவு வழிகாட்டி

சமையல் குறிப்பில் "பாதாம் 250 கிராம்" என்று இருக்கும். அடுப்படியில் தராசு இருக்காது. ஒரு டம்ளர் இருக்கும், பெட்டியில் ஒரு ஸ்பூன் கிடக்கும், கொஞ்சம் பழைய வீடாக இருந்தால் பரணில் ஒரு பித்தளை ஆழாக்கும் இருக்கும். செட்டிநாட்டுப் பக்கம் இன்றைக்கும் பல வீடுகளில் அரிசியையும் பருப்பையும் அளந்துதான் போடுகிறோம். நிறுத்துப் போடுவது கடைக்காரர் வேலை. கடையில் எல்லாம் கிலோ, வீட்டில் எல்லாம் படி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது விலை கூடின சாமான்தான்: முந்திரி, பாதாம், பிஸ்தா, வால்நட். சோற்றுக்கு அரிசி ஒரு கை கூடினால் பழையதாகப் போகும், அவ்வளவுதான். பாதாம் அல்வாவுக்குப் பாதாம் குறைந்தால் சட்டியில் சர்க்கரைப்பாகுதான் நிற்கும்.

நீளமாக எழுதப்போகிறேன் என்பதால், அவசரத்தில் வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆழாக்கு (168 மில்லி) முழுப் பாதாம், தலைதட்டி, அதாவது விளிம்புக்கு மேலே நிற்பதை வழித்துவிட்டு அளந்தால், 100 கிராம். நிலக்கடலையும் அதே 100. முழு முந்திரி 95. இந்த மூன்றும் மனதில் நின்றால் பாதிக் கணக்கு முடிந்தது. மீதிப் பாதி, பருப்பு உடைந்திருக்கிறதா, சீவியிருக்கிறதா, பொடியாகிவிட்டதா என்பதில் இருக்கிறது. பிசகுவதும் அங்கேதான்.

முதல் வேலை: உங்கள் பாத்திரம் எத்தனை மில்லி?

பருப்பைத் தொடுவதற்கு முன்னால் பாத்திரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்துக் கணக்கில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக எட்டு ஆழாக்கு ஒரு படி. இன்றைய அளவில் ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336 மில்லி, படி 1.344 லிட்டர் என்று வரும். ஆனால் படி என்றாலே எல்லா ஊரிலும் ஒரே அளவு என்று நம்பிவிடக்கூடாது. ஊர்ப்படி ஒன்று, பட்டணம்படி ஒன்று என்று வழக்கத்தில் இருந்திருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஆழாக்கும் உழக்கும் இன்னும் விலைக்குக் கிடைக்கும். அழகுக்கு வாங்குகிறவர்கள்தான் அதிகம். சமையலுக்கு என்று வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அடி நசுங்கியிருந்தாலே அளவு குறையும்.

சோதிப்பது சுலபம். சீல் உடைக்காத 500 மில்லி தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். அதைத் திறந்து ஆழாக்கில் விளிம்பு வரைக்கும் ஊற்றி, வேறு பாத்திரத்தில் கொட்டி, மறுபடி ஊற்றுங்கள். மூன்று ஆழாக்குக்கு 504 மில்லி வேண்டும். ஆகவே மூன்றாவது முறை ஊற்றும்போது பாட்டில் காலியாகி, விளிம்புக்கு ஒரு நூல் குறைவாக நின்றால் உங்கள் ஆழாக்கு சரியான ஆழாக்கு. இரண்டரை முறையிலேயே பாட்டில் தீர்ந்தால் அது 200 மில்லிப் பாத்திரம். டம்ளருக்கும் இதே சோதனைதான். தண்ணீர் பாட்டில் இல்லாவிட்டால் அரை லிட்டர் பால் பாக்கெட்டை வைத்தே பார்த்துவிடலாம். காய்ச்சப்போகிற பால்தானே, வீணாகாது.

கடையில் செட்டாக விற்கிற அளவுக் கப்புகளில் பெரியது 240 மில்லி அல்லது 250 மில்லி. அடியில் எழுதியிருக்கும், பாருங்கள். அமெரிக்கக் குறிப்புகள் 240-ஐ வைத்துப் பேசும். ஆஸ்திரேலியாக்காரர்கள் கப் என்றால் 250. மின்சார அரிசிக் குக்கரோடு வருகிற பிளாஸ்டிக் கப் இந்த இரண்டும் இல்லை. அது ஜப்பானியக் கணக்கு, 180 மில்லி. நம் ஆழாக்குக்குப் பக்கத்தில் நிற்பது அதுதான். ஆழாக்கு கைவசம் இல்லாதவர்கள் அந்தக் கப்பை எடுத்து, விளிம்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் அளவு குறைத்து அளந்தால் வேலை நடக்கும். டேபிள்ஸ்பூன் 15 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி. சாம்பார் ஊற்றுகிற கரண்டிக்கு அளவே கிடையாது, அதை விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகள் ஒருநாள் போன் செய்தாள். "பெரியாத்தா, ஒரு கப் முந்திரின்னு எழுதி அனுப்பியிருக்கீகளே, அது எந்தக் கப்பு? எங்க வீட்ல மூணு கப்பு இருக்கு." நியாயமான கேள்வி. மூன்றில் எதை எடுக்கிறாள் என்பதைப் பொறுத்து முந்திரி 100 கிராமிலிருந்து 140 கிராம் வரைக்கும் மாறும். இனி யாருக்காவது குறிப்பு எழுதி அனுப்பினால் கப்புக்குப் பக்கத்தில் மில்லியையும் எழுதிவிடுவது நல்லது.

ஒரே பருப்புக்கு ஏன் இத்தனை எடை?

தண்ணீர் என்றால் ஒரு மில்லி ஒரு கிராம், பேச்சுக்கே இடமில்லை. பருப்பு அப்படியில்லை. 240 மில்லிக் கப்பில் முழுப் பாதாமைக் கொட்டினால் 143 கிராம்தான் பிடிக்கும். பாதாம் லேசானது என்று அர்த்தமில்லை. தண்ணீரில் போட்டால் அடிக்குப் போகிற சாமான் அது. கப்பில் பருப்புக்கும் பருப்புக்கும் நடுவே இருக்கிற சந்தெல்லாம் காற்று. நம்பிக்கை வராவிட்டால், பாதாம் நிறைந்த அந்தக் கப்பில் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். 100 மில்லியை ஒட்டித் தண்ணீர் உள்ளே இறங்கும். கப்பில் நாற்பது சதவீதம் வெறும் இடம்!

அந்த வெறும் இடம் பருப்பின் உருவத்தைப் பொறுத்து மாறும். பாதாமும் கடலையும் வழவழப்பு, ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும். முந்திரிக்கு வளைவு உண்டு, கொஞ்சம் சந்து விடும். வால்நட் முழுக்க மேடும் பள்ளமும். கப் நிறைந்த மாதிரி தெரியும், எடை 100 கிராம்தான் இருக்கும்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். நறுக்கினால் எடை எப்போதும் ஒரே திசையில் மாறுவதில்லை. வால்நட்டைத் துண்டாக்கினால் மேடு பள்ளம் உடைந்து நெருங்கி உட்காரும், ஒரு கப்புக்கு 117 கிராம் ஆகிவிடும். அதையே பொடித்தால் பொடி பொங்கி நின்று 80 கிராமுக்கு இறங்கிவிடும். பாதாம் நேர்மாறு. முழுசாக 143 இருந்தது, நீளவாக்கில் குச்சி குச்சியாக நறுக்கினால் 108, ஏடு ஏடாகச் சீவினால் 92. சீவல்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், அடியில் காற்று தங்கும். பாயசத்தின் மேலே தூவச் சீவல் பாதாம் ஒரு கப் என்று இருக்க, முழுப் பாதாம் ஒரு கப் அளந்து சீவ உட்கார்ந்தால் ஒன்றரை மடங்கு சீவல் கையில் வரும்.

எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

தலைதட்டி, அழுத்தாமல் அளந்த கணக்கு. முதல் எண் 240 மில்லிக் கப்புக்கு, இரண்டாவது ஆழாக்குக்கு.

முழுப் பாதாம்: 143 கிராம், 100 கிராம்
குச்சியாக நறுக்கிய பாதாம்: 108, 76
சீவிய பாதாம்: 92, 64
பாதாம் பொடி: 95, 67
முந்திரி, முழுதும் பாதியும் கலந்தது: 137, 95
நிலக்கடலைப் பருப்பு: 146, 102
ஓடு நீக்கிய பிஸ்தா: 123, 86
வால்நட், பாதிப் பாதியாக: 100, 70
வால்நட் துண்டு: 117, 82
வால்நட் பொடி: 80, 56
எள்: 144, 101

இவற்றில் ஐந்து பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும். புதுப் பருப்பு, பழைய பருப்பு, பெரிய ரகம், சின்ன ரகம் என்று வேறுபாடு வரத்தான் செய்யும். 143 என்பதை 140 என்றோ 145 என்றோ வைத்துக்கொண்டாலும் குடி முழுகாது. 143-ஐயும் 92-ஐயும் ஒன்றாக நினைத்தால்தான் வம்பு.

பொட்டுக்கடலைக்கும் சாரைப்பருப்புக்கும் இந்தப் பட்டியலில் எண் இல்லை. அவற்றுக்கு நீங்களே எண் கண்டுபிடிக்கலாம், சிரமமில்லை. 100 கிராம் பாக்கெட் ஒன்று வாங்கி, ஆழாக்கில் கொட்டித் தலைதட்டுங்கள். மீந்ததை டேபிள்ஸ்பூனால் அளந்தால் 100 கிராமுக்கு எத்தனை ஆழாக்கு, எத்தனை ஸ்பூன் என்று தெரிந்துபோகும். ஆழாக்கு நிறையாவிட்டால், நிறைய இன்னும் எத்தனை ஸ்பூன் வேண்டும் என்று பாருங்கள். பாக்கெட்டில் அச்சடித்த எடைதான் உங்களுக்குத் தராசு. மேலே உள்ள பருப்புகளுக்கும் இப்படி ஒருமுறை செய்து, உங்கள் பாத்திரத்துக்கு உங்கள் எண் என்று வைத்துக்கொள்வதுதான் உண்மையிலேயே நல்லது. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்தமுறை தேட வேண்டாம்.

அளக்கும் கை

பாத்திரமும் எண்ணும் சரியாக இருந்தாலும் கை மாறினால் அளவு மாறும். பருப்பைப் பாத்திரத்துக்குள் மேலிருந்து தளர்வாகக் கொட்டுங்கள். பாத்திரத்தைப் பருப்புக்குள் விட்டு அள்ளாதீர்கள், அள்ளினால் அழுந்தும். விளிம்புக்கு மேலே கோபுரமாக நிற்பதை விரலாலோ கத்தியின் முதுகாலோ வழித்துவிடுங்கள். அதுதான் தலைதட்டுவது. அரிசி அளக்கையில் கோபுரமாக அளந்து கொடுப்பது தாராளம். அந்தத் தாராளத்தை முந்திரியில் காட்டினால் அகல வாய் டம்ளரில் கால் பங்கு கூடிப்போகும். வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு பெரிய கோபுரம் நிற்கும். ஆழாக்கு மாதிரி குறுகின வாய்ப் பாத்திரத்தில் இந்தப் பிசகு குறைவு.

தட்டி அளப்பதும் கூடாது. உடைத்த முந்திரியை ஆழாக்கில் நிரப்பி ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். விளிம்பில் நின்ற முந்திரி ஒரு விரற்கடை உள்ளே இறங்கியிருக்கும். இறங்கின இடத்தை மறுபடி நிரப்பினால் அந்த ஆழாக்கு வேறு ஆழாக்கு. தட்டுவதா வேண்டாமா என்பதில் எந்தக் கட்சியானாலும் சரி, எப்போதும் ஒரே கட்சியில் இருங்கள். மேலே கொடுத்த எண்கள் தட்டாத கட்சி.

கணக்குப் போடும் முறை

கிராமிலிருந்து ஆழாக்குக்குப் போக, குறிப்பில் உள்ள கிராமை அந்தப் பருப்பின் ஆழாக்கு எண்ணால் வகுக்கவேண்டும். 250 கிராம் முழுப் பாதாமுக்கு 250-ஐ 100-ஆல் வகுத்தால் இரண்டரை ஆழாக்கு. அதாவது ஓர் உழக்கும் அரை ஆழாக்கும். கப்பில் என்றால் 250-ஐ 143-ஆல் வகுக்க, ஒன்றே முக்கால் கப். அதே 250 கிராம் முந்திரிக்கு இரண்டே முக்கால் ஆழாக்குக்குக் கொஞ்சம் குறைவு. கப்பில் ஒன்றே முக்கால் கப்பும் மேலே ஒரு டேபிள்ஸ்பூனும். 200 கிராம் வால்நட் பாதி, கப்பில் சரியாக இரண்டு. ஒரு குழந்தையும் போட்டுவிடும் கணக்கு.

ஆனால் பாதாம் அல்வாவுக்குப் பாதாமை மட்டும் மாற்றினால் போதாது. பாதாமும் சர்க்கரையும் எடைக்கு எடை சமம் என்று ஒரு பக்குவம் உண்டு. 250 கிராம் பாதாம், 250 கிராம் சர்க்கரை. இதை அளவுக்கு மாற்றுகிறவர்கள் பாதாம் ஒரு கப், சர்க்கரை ஒரு கப் என்று சுருக்கிவிடுகிறார்கள். சர்க்கரை ஒரு கப் 200 கிராம். பாதாம் ஒரு கப் 143. சமம் எங்கே இருக்கிறது? நூறு பங்கு சர்க்கரை போடவேண்டிய இடத்தில் நூற்று நாற்பது பங்கு விழுந்துவிட்டது. சரியான மாற்று, பாதாம் ஒன்றே முக்கால் கப்புக்குச் சர்க்கரை ஒன்றே கால் கப். ஆழாக்கில் பாதாம் இரண்டரை, சர்க்கரை ஒன்றே முக்கால். அல்வா தித்திப்பாக இருக்கிறதே தவிரப் பாதாம் வாசமே வரவில்லை என்று சொல்வார்கள் பாருங்கள், பல வீடுகளில் அதற்குக் காரணம் பாதாம் ரகம் இல்லை, இந்தக் கப் கணக்குதான்.

பர்பிக்கு இன்னொரு பொறி இருக்கிறது. "பாதாம் ஒரு கப், பொடித்துக்கொள்ளவும், சர்க்கரை அரைக் கப்" என்று ஒருவர் எழுதுவார். "பொடித்த பாதாம் ஒரு கப், சர்க்கரை அரைக் கப்" என்று இன்னொருவர் எழுதுவார். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். முதல் குறிப்பில் 143 கிராம் பாதாமுக்கு 100 கிராம் சர்க்கரை. இரண்டாவதில் 95 கிராம் பாதாமுக்கு அதே 100 கிராம். முதலாவதில் பாதாம் கூட, இரண்டாவதில் சர்க்கரை கூட. வில்லை போடும்போது இரண்டும் வேறு வேறு பலகாரம். அளந்த பிறகு பொடிப்பதா, பொடித்த பிறகு அளப்பதா என்பதைக் குறிப்பில் நிதானமாகப் படியுங்கள். தெளிவில்லாமல் இருந்தால் கூடவே கொடுத்திருக்கும் படத்தையோ, எத்தனை வில்லை வரும் என்று எழுதியிருப்பதையோ வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

அமெரிக்கக் குறிப்புகளில் அவுன்ஸ் வரும். ஓர் அவுன்ஸ் 28.35 கிராம், 28 என்று வைத்துக்கொண்டால் போதும். 4 அவுன்ஸ் வால்நட் 113 கிராம், துண்டாக்கினது ஏறக்குறைய ஒரு கப். பவுண்டு 454 கிராம்.

ஸ்பூன் கணக்கா? எண்ணிவிடுங்கள்

முழு முந்திரியை டேபிள்ஸ்பூனில் அளக்கச் சொல்கிற குறிப்புகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நாலு உள்ளே உட்காரும், இரண்டு விளிம்பில் தொங்கும், ஒன்று கீழே விழும். சின்ன அளவுக்கு எண்ணுவதே மேல். அதற்கு முந்திரிச் சந்தையே வழி வைத்திருக்கிறது. கடையில் 180, 210, 240, 320 என்று நம்பர் சொல்வார்களே, அது ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப் பருப்பு என்பதன் உச்சக் கணக்கு. 320 நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 பருப்பு. ஒரு பருப்பு ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. 240 நம்பர் ஏறக்குறைய 2 கிராம், 180 நம்பர் இரண்டரை கிராம். நம்பர் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும், விலையும் இறங்கும். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறதோ வேறு எங்கிருந்து வருகிறதோ, இந்த நம்பர் தெரிந்தால் எடை தெரிந்த மாதிரி.

வெள்ளைக் குருமாவுக்குப் பத்து முந்திரி என்று நம் வீடுகளில் வாய்க்கணக்காகச் சொல்வது 320 நம்பரில் 14 கிராம், 180 நம்பரில் 25 கிராம். குருமா ஏன் ஒருநாள் நீர்க்கிறது, ஒருநாள் கெட்டிக்கிறது என்று கேட்பவர்கள் முந்திரி டப்பாவை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

பாதாம் ஒன்று சுமார் 1.2 கிராம், 23 பாதாம் ஓர் அவுன்ஸ். வால்நட் பாதி ஒன்று 2 கிராம். பிஸ்தாப் பருப்பு அரை கிராமுக்கு மேல், 49 எண்ணினால் ஓர் அவுன்ஸ். யாரும் 49 பிஸ்தா எண்ணப்போவதில்லை, அதனால் அதைக் கால் கப் 30 கிராம் என்று வைத்துக்கொள்வதே சரி. பெரியவர்கள் கையில் ஒரு பிடிப் பருப்பும் 30 கிராம் பக்கம்தான் வரும். ரங்கோன் புட்டுக்கு நெய்யில் வறுத்துப் போட அந்த ஒரு பிடி போதும், அளவெல்லாம் பார்க்க வேண்டியதில்லை.

பொடியும் விழுதும்

பருப்புப் பொடி அளக்க மிகவும் சிரமம் தருவது. எண்ணெய்ப் பசை உள்ளதால் கட்டி பிடிக்கும். ஸ்பூனால் அழுத்தினால் அழுந்திக்கொண்டே போகும். மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடித்தால் பொலபொலவென்று இருக்கும். ஒரேயடியாக ஓடவிட்டால் சூடேறி எண்ணெய் கசிந்து பிசுபிசுத்துவிடும், அதற்கப்புறம் எந்த எண்ணும் பொருந்தாது. பொடித்ததைச் சலித்து, ஸ்பூனால் கப்புக்குள் தளர்வாகப் போட்டு, கத்தி முதுகால் வழித்தால்தான் நான் மேலே சொன்ன 95 வரும். என்னைக் கேட்டால் பொடியை அளக்கவே வேண்டாம் என்பேன். முழுப் பருப்பாக அளந்து, அதைப் பொடித்து, முழுவதையும் போட்டுவிடுங்கள். 100 கிராம் பாதாம் பொடி வேண்டுமா, ஓர் ஆழாக்கு முழுப் பாதாமைப் பொடியுங்கள். மிக்ஸியில் ஒட்டிக்கொள்வது தவிர எடை எங்கேயும் போய்விடாது.

விழுதுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அரைத்துவிட்டால் சந்துக் காற்றெல்லாம் போய்விடும். அப்புறம் முந்திரி ஒரு கிராம் கிட்டத்தட்ட ஒரு மில்லி இடம்தான் அடைக்கும். ஆகவே 30 கிராம் முந்திரியை 60 மில்லித் தண்ணீர் விட்டு அரைத்தால் விழுது 90 மில்லி பக்கம் வரும். திருப்பியும் போடலாம். "முந்திரி விழுது கால் கப்" என்று குறிப்பு கேட்கிறது. கால் கப் 60 மில்லி. பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு அரைப்பது உங்கள் வழக்கம் என்றால் அதில் முந்திரி 20 கிராம், 320 நம்பரில் பதினான்கு பருப்பு. தண்ணீரே விடாமல் அரைத்து பாட்டிலில் விற்கிற கடலை வெண்ணெய் ஒரு கப் 258 கிராம் இருக்கும், முழுக் கடலையின் 146-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தோல், ஓடு, ஊறல்

ஓட்டோடு வாங்கினால் ஓட்டுக்கும் காசு கொடுக்கிறோம், ஓட்டையும் சேர்த்து நிறுக்கிறோம். நிலக்கடலை ஒரு கிலோ உரித்தால் பருப்பு 700 கிராம் வரும், சொத்தை இருந்தால் அதிலும் குறையும். உப்புப் பிஸ்தாவில் கிட்டத்தட்டப் பாதி ஓடு. 200 கிராம் வாங்கினால் 100 கிராம் பருப்பு தேறும். வால்நட்டும் அப்படியே, பாதிக்குக் கீழேதான் பெரும்பாலும். உப்புப் பிஸ்தாவை இனிப்பில் போடக்கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஊறவைக்கும் பருப்பை ஊறும் முன்பே அளந்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறின பாதாம் தண்ணீர் குடித்து எடையும் கூடி, உருவமும் பருத்து நிற்கும். அதை அளந்தால் குறிப்பில் சொன்ன அளவுக்குப் பாதாம் சேராது. தோல் உரிப்பதால் வரும் வேறுபாடு அற்பம். உரித்துக் காயவைத்த பாதாமும் கப்புக்கு 145 பக்கம்தான். கடலையை வறுத்துத் தோல் ஊதினாலும் எடை கொஞ்சம்தான் இறங்கும், கடலை உருண்டைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பழைய நோட்டில் பலமும் வீசையும் இருந்தால்

அப்பத்தாவோ ஆயாவோ எழுதிவைத்த சமையல் நோட்டு வீட்டில் இருந்தால் கிராமே இருக்காது. மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இல்தான் வந்தது. அதன்பிறகு படிப்படியாகத்தான் கிராமும் கிலோவும் கடைக்கு வந்தன. அதற்கு முந்தைய நோட்டில் ரூபாய் எடை, பலம், சேர், வீசை என்று இருக்கும். ரூபாய் எடை ஒரு தோலா, 11.66 கிராம். மூன்று ரூபாய் எடை ஒரு பலம், 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், 280 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. "பாதாம் 5 பலம்" என்றால் 175 கிராம், ஒன்றே முக்கால் ஆழாக்கு. மூன்று பலம் பாதாம் ஓர் ஆழாக்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான இனிப்புகளுக்கு வகுத்தல் கணக்கே வேண்டாம்.

இரண்டு இடத்தில் உஷார். சேர் என்பது சென்னை மாகாணக் கணக்கில்தான் 280 கிராம். வடக்கத்திச் சேர் 80 தோலா, 933 கிராம். வடநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்ட இனிப்பாக இருந்தால் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு. இன்னொன்று வீசை. நம் பக்கத்துக் குடும்பங்கள் பல பர்மாவில் லேவாதேவி செய்தவை. 1942-இல் ஜப்பான்காரன் நுழைந்ததை ஒட்டித் திரும்பியவர்கள் ஏராளம். பர்மா வீசை நம் வீசை இல்லை, அது 1.63 கிலோ. நோட்டு ரங்கூனில் எழுதினதா ஊரில் எழுதினதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரை வீசை முந்திரி என்றால் ஒன்றில் 700 கிராம், இன்னொன்றில் 815.

எங்கே கணக்கு வேண்டும், எங்கே வேண்டாம்

குருமா, குழம்பு, பொங்கல், பாயசம், கவுனி அரிசி, இவற்றுக்கெல்லாம் முந்திரி இருபது சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. கண்ணளவு, கையளவு போதும். முந்திரி கத்லி, பாதாம் அல்வா, பர்பி, கடலை மிட்டாய் ஆகியவற்றில் பாகுக்கும் பருப்புக்கும் உள்ள விகிதம்தான் பலகாரம். அங்கே ஆழாக்கைத் தலைதட்டியே ஆகவேண்டும். மேலைநாட்டு கேக்குகளில், குறிப்பாக மைதாவுக்குப் பதில் பாதாம் பொடி போடுகிறவற்றில், கப் கணக்கை நம்பவே நம்பாதீர்கள். அதற்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கிற டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுவது மரியாதை. வாங்கினதும், சோதித்த ஆழாக்கைத் தராசில் வைத்துச் சைபராக்கி, தண்ணீரை விளிம்பு வரை ஊற்றிப் பாருங்கள். 168 கிராமுக்கு ஒன்றிரண்டு முன்பின்னாகக் காட்டினால் தராசு நம்பகமானது.

கல்யாண வீட்டுப் பலகாரம் போல ஒரு கிலோவுக்கு மேலே போகும்போது ஆழாக்கை எடுத்து வைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஆழாக்கிலும் ஐந்து கிராம் கூடினாலும் ஐம்பது ஆழாக்குக்குக் கால் கிலோ முந்திரி. இன்றைய விலையில் அது சின்னக் காசு இல்லை. மளிகை லிஸ்ட் கொடுக்கும்போதே ஒவ்வொரு ஈடுக்கும் எத்தனை கிராம் என்று எழுதி, கடைக்காரரிடமே தனித்தனிப் பொட்டலமாக நிறுத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். பொட்டலத்தின் மேல் பலகாரத்தின் பெயரை எழுதிவிட்டால், சமையல்காரர் யாரையும் கேட்காமல் எடுத்துப் பிரித்துப் போட்டுக்கொள்வார்.